நிரப்பாமல் அனுப்பிய கட்டம்

1985, ஏப்ரல் 21
பெண்கள் விடுதி

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

மிசுயே எழுதுகிறேன். வந்து இரண்டு வாரம் ஆகியும் தொலைபேசியில் கூப்பிடவில்லையே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். பையன்கள் விடுதிக்கும் எங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு தொலைபேசிதான். அதன் முன்னால் எப்போதும் ஆறேழு பையன்கள் நிற்கிறார்கள். பேசிக்கொண்டிருப்பவனைப் பார்த்து, "டேய், உங்கம்மா இன்னும் சோறு ஊட்டி முடிக்கலையா?" என்று பின்னால் நிற்பவன் கத்துகிறான். அந்த வரிசையில் நின்று என்னால் பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் இயந்திரப் பிரிவில் நாற்பத்தொரு பேர். பெண்கள் இரண்டே பேர், நானும் கினுயோ என்ற பெண்ணும். படகில் வரும்போது பக்கத்தில் இருந்த அம்மாள், "எந்த ஹைஸ்கூல்மா?" என்று கேட்டார். ஹைஸ்கூல் இல்லை, ஐந்து வருடத் தொழில்நுட்பக் கல்லூரி என்றேன். "பதினஞ்சு வயசுல காலேஜா? யார்கிட்ட கதை விடறே?" என்று சிரித்தார். கடலைப் பார்த்துக்கொண்டேன். இங்கே வந்து பார்த்தால் அவர் சிரித்ததில் தப்பில்லை. குரல்கூட உடையாத பையன்களும் மீசை வைத்த இருபது வயது ஆட்களும் ஒரே சாப்பாட்டு அறையில் ஒரே மிசோ சூப்பைக் குடிக்கிறார்கள்.

தேர்ச்சிக்கு அறுபது மதிப்பெண் வேண்டும். ஐம்பத்தொன்பது என்றால் அந்த வருடத்தை மறுபடி படிக்க வேண்டும். போன வருடம் ஒன்பது பேர் அப்படித் தங்கிவிட்டார்களாம். முதல் வகுப்பிலேயே சாகாகி சார் இதைச் சொல்லிவிட்டு, "பயமுறுத்தலப்பா, கணக்கு சொல்றேன்" என்றார்.

பட்டறை வகுப்பு தொடங்கிவிட்டது. நீலச் சட்டை ஆண்கள் அளவில்தான் வருகிறது. கையை மூன்று மடிப்பு மடித்துவிட்டுக் கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கிறேன். அம்மா அனுப்பிய உலர்ந்த மீன் நேற்றோடு தீர்ந்துவிட்டது. கினுயோ பாதி தின்றாள்.

அன்புடன்,
மிசுயே


1985, மே 2

மிசுயேவுக்கு,

கடிதம் கிடைத்தது. சட்டைக் கையை மடிக்காதே. மடிப்பைத்தான் இயந்திரம் முதலில் பிடிக்கும். இரண்டு சட்டையில் ஒன்றை இன்றே தபாலில் அனுப்பு, அம்மா வெட்டித் தைத்துத் தருவாள். அதுவரை மற்றதில் ரப்பர் பட்டை போட்டுக்கொள்.

நானும் பதினைந்து வயதில்தான் கப்பல் கட்டும் தளத்துக்குள் நுழைந்தேன். எனக்கு வெல்டிங் முகமூடி கொடுத்தார்கள், உனக்குப் புத்தகமும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். குடும்பம் முன்னேறுகிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

தளத்தில் உன்னைப் பற்றிச் சொன்னேன். "அங்க படிச்சு வர்றவங்க நேரா மூணாம் மாடிதான்" என்று ஃபோர்மேன் சொன்னார். மூன்றாம் மாடியில்தான் கப்பலுக்கு வரைபடம் போடுகிறார்கள். இருபத்தேழு வருடத்தில் நான் அங்கே ஏறியதில்லை. படிக்கட்டின் அடியில் மஞ்சள் கோடு ஒன்று இருக்கிறது. எண்ணெய்ச் செருப்போடு அதைத் தாண்டக் கூடாது. எங்கள் செருப்பில் எண்ணெய் இல்லாத நாள் ஏது? அவர்கள் வரைந்து கீழே அனுப்புவதை நாங்கள் ஒட்டுவோம். தப்பாக வரைந்திருந்தாலும் ஒட்டுவோம்.

மீன் அனுப்பியிருக்கிறேன். இதில் கினுயோவின் பங்கும் உண்டு என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

அப்பா


1987, மார்ச் 8

மிசுயேவுக்கு,

செய்தித்தாளில் பார்த்திருப்பாய். கப்பலுக்கு ஆர்டர் இல்லை. தளத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தானாக விலக விருப்பமா என்று கேட்டார்கள். நான் கை தூக்கிவிட்டேன். தூக்காதவர்களை வாரம் ஒரு முறை மறுபடி கூப்பிடுகிறார்கள். அந்தக் கூத்து எனக்கு வேண்டாம்.

அம்மாவிடம் சொன்னபோது மீன் உருண்டை ஆலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். "கை தூக்கறதுக்கு முன்னாடி வீட்ல ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?" என்றாள். "கேட்டிருந்தா நீ வேணாம்னுதானே சொல்லியிருப்பே?" என்றேன். "இல்ல, ரெண்டு கையையும் தூக்குங்கன்னு சொல்லியிருப்பேன்" என்றாள். பிறகு சாப்பிட்டோம்.

ஏப்ரல் முதல் பள்ளிகளுக்கு மதியச் சோறு கொண்டுபோகும் வேனை ஓட்டப்போகிறேன். நீ எதையும் நிறுத்த வேண்டாம். படி.

அப்பா


1988, அக்டோபர் 16

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இங்கே இலைகள் சிவக்கத் தொடங்கிவிட்டன. வேன் எப்படி ஓடுகிறது? பிள்ளைகள் கறிச்சோறு நாளில் மட்டும் உங்களைக் கை தட்டி வரவேற்கிறார்கள் என்று அம்மா எழுதியதைப் படித்துச் சிரித்தேன்.

விடுதிக் குளியலறையில் இரவு ஒன்பது மணிக்குத் தண்ணீரை மூடுவார்கள். மூடியதும் சுவருக்குள் குழாய் டம் டம் என்று இடிக்கும். எல்லோரும் திட்டுவார்கள். எனக்கு மட்டும் அந்தச் சத்தத்தைக் கேட்கப் பிடிக்கும். ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென நிற்க முடியாமல் திரும்பி வந்து மோதுகிறது. எவ்வளவு வேகத்தில் மோதுகிறது என்று கணக்குப் போட்டு சாகாகி சாரிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். "இத வச்சு வேலை பண்றவங்க இருக்காங்க, மிசுயே. இங்க அஞ்சு வருஷம் முடிச்சவங்க பரீட்சை எழுதி நேரா யுனிவர்சிட்டி மூணாம் வருஷத்துல சேரலாம். தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். போன வருடம் அப்படிப் போன அக்கா ஒருத்தி விடுதிக்கு வந்திருந்தாள். அவளுடைய ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் ஒன்று நாற்பது மீட்டர் நீளத்துக்கு இருக்கிறதாம். உள்ளே தண்ணீர் திரும்புவதைக் கண்ணால் பார்க்கலாமாம்.

அந்தக் குழாயைப் பற்றி இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
மிசுயே


1988, அக்டோபர் 25

மிசுயேவுக்கு,

குழாய் இடித்தால் வாஷர் தேய்ந்திருக்கும். விடுதிக் காவலரிடம் சொல்லி மாற்றச் சொல். சின்ன வேலை.

ஆரஞ்சு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். அடியில் இருப்பவை முதலில் அழுகும், அவற்றை முதலில் தின்னுங்கள்.

அப்பா


1989, மே 28

அன்புள்ள அப்பாவுக்கு,

மழைக்காலம் இந்த வருடம் சீக்கிரம் வந்துவிடும்போல் இருக்கிறது. இடுப்பு வலி எப்படி? வேனிலிருந்து சோற்றுப் பாத்திரங்களைத் தனியாக இறக்க வேண்டாம்.

ஐந்தாம் ஆண்டு என்பதால் இங்கே எல்லோரும் பலகையின் முன்தான் நிற்கிறார்கள். வேலைக்கு ஆள் கேட்டு வரும் கடிதங்களை அதில் ஒட்டுகிறார்கள். நாற்பது பேருக்கு எண்ணூறு இடம் வந்திருக்கிறதாம். கார், லிஃப்ட், கேமரா என்று எல்லா நிறுவனமும் இருக்கிறது. மூன்றாம் வரிசையில் நம் தீவின் தளமும் இருக்கிறது, வரைபடப் பிரிவுக்கு ஒருவர் வேண்டுமாம். பெயரைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

ஒரு நிறுவனத்துக்குக் கல்லூரி ஒருவரைத்தான் சிபாரிசு செய்யும். இரண்டு பேர் கேட்டால் மதிப்பெண் கூடியவருக்கு. சிபாரிசு போனபின் அவர் மனம் மாறக் கூடாது. "நீங்க வேணாம்னு வந்துட்டா, அடுத்த வருஷம் தம்பி தங்கச்சிங்களுக்கு அந்தக் கதவு மூடிரும்" என்று சார் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறார். சிபாரிசு வாங்கியவர்கள் பல்கலைக்கழகப் பரீட்சையும் எழுத முடியாது.

இத்துடன் விருப்பப் படிவம் வைத்திருக்கிறேன். கீழே பாதுகாவலர் முத்திரை பதிக்க வேண்டும். ஜூன் 5க்குள் அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்பதால் உடனே பார்த்தால் நல்லது. அம்மாவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மிசுயே


1989, ஜூன் 1

மிசுயேவுக்கு,

எல்லாவற்றிலும் கவனமாக இருக்கும் நீ படிவத்தில் முக்கியமான கட்டத்தை நிரப்பாமல் அனுப்பிவிட்டாய். வேலையா, மேற்படிப்பா என்ற இடத்தில் வட்டம் இல்லை. நிறுவனத்தின் பெயரும் இல்லை. பரவாயில்லை, நானே நிரப்பிவிட்டேன். வேலை என்பதை வட்டமிட்டு, பக்கத்தில் தளத்தின் பெயரை எழுதினேன். பென்சிலால் நான்கு முறை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் மையால் எழுதினேன். உன் கல்லூரிக்குப் போகும் தாள் அல்லவா?

அம்மாதான் எப்போதும்போல இழுத்தாள். "என்னங்க, அவ மறந்து விட்டிருக்க மாட்டா. எழுதாம விட்டிருக்கா. ஃபோன் போட்டுக் கேளுங்க" என்றாள். "அஞ்சாம் தேதிக்குள்ள போகணும்டி. பலகையில எந்தப் பேரப் பாத்து நின்னான்னு அவளே எழுதியிருக்காளே, இன்னும் என்ன கேக்கணும்?" என்றேன். "நின்னான்னுதான் எழுதியிருக்கா" என்றாள். அவள் பேச்சைக் கேட்டால் இந்த வீட்டில் ஒரு உறைகூட ஒட்ட முடியாது.

உன் வழியாகச் சுற்றி வந்தால் நாளாகும் என்று, விரைவுத் தபாலில் நேரே கல்லூரி அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டேன். நீ கவலைப்பட வேண்டாம்.

அந்த மூன்றாம் மாடிக்கு நம் வீட்டிலிருந்து ஒருவர். நான் அதிகம் எழுதத் தெரியாதவன். இதோடு நிறுத்துகிறேன்.

அப்பா


1989, ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

படிவம் சேர்ந்துவிட்டது. ஐந்தாம் தேதி மாலை சாகாகி சார் கூப்பிட்டுச் சொன்னார். நன்றி.

தளத்துக்கு என் வகுப்பு நகாவோவும் கேட்டிருந்தான். பொதுக் குளியல் கடைக்காரர் மகன். நோட்டுப் புத்தகத்தின் ஓரமெல்லாம் கப்பல் வரைகிறவன். அவனைவிட எனக்குச் சராசரியில் இரண்டு மதிப்பெண் கூட, அதனால் எனக்கே வந்தது. "ரெண்டே ரெண்டு மார்க்! மிசுயே, நீ ஒரு நாள் காய்ச்சல்ல படுத்திருக்கக் கூடாதா?" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு வகுப்பில் அவன் எதுவும் வரைந்து நான் பார்க்கவில்லை.

நிறுவனத் தேர்வு ஆகஸ்டில். அதுவரை படிக்க ஒன்றும் இல்லை என்று சார் சொன்னார். நேரம் நிறைய இருக்கிறது.

மிசுயே


1989, ஜூலை 3

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

மழையில் விடுதி அறைகளில் பூஞ்சை பிடித்துவிட்டது. தரையைப் பெயர்த்துப் போடுவதால் வேண்டாத சாமான்களை வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். இரண்டு பெட்டி அனுப்புகிறேன். ஒன்றில் கம்பளிகள். இன்னொன்றில் பழைய தாள்கள் மட்டும்தான். அதைப் பிரிக்க வேண்டாம், பழைய காகித வண்டி வரும்போது அப்படியே கொடுத்துவிட்டுக் கழிவறைக் காகிதம் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல கனம் இருக்கிறது. ஐந்தாறு சுருளாவது தருவார்கள்.

நான் நன்றாக இருக்கிறேன்.

மிசுயே


1989, ஜூலை 16

மிசுயேவுக்கு,

இந்தக் கடிதம் எழுதியிருக்கும் தாளைத் திருப்பிப் பார். உன்னுடையதுதான்.

காகித வண்டிக்குப் பெட்டியை எடுத்துப் போகும்போது அடிப்பக்கம் பிய்ந்து தாள்கள் முற்றத்தில் கொட்டின. பின்பக்கம் வெறுமையாக இருந்தது. சோற்று வேனில் பள்ளிக் கணக்கு எழுத ஆகுமே என்று பொறுக்க உட்கார்ந்தேன். அதற்குள் வண்டிக்காரர், "என்னண்ணே, போடப்போறீங்களா, படிக்கப்போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

எனக்குக் கணக்குப் புரியாது. தேதி புரியும். எல்லாத் தாளிலும் வலது மூலையில் தேதி போட்டிருக்கிறாய். முதல் தாள் போன அக்டோபர் 18. குழாய் இடிக்கிறது என்று எனக்கு எழுதிய இரண்டாம் நாள். அதன் பிறகு ஒரு நாள்கூட விடவில்லை. புத்தாண்டு அன்றைக்கும் இருக்கிறது. கணப்பு மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாய், என்ன என்று கேட்டதற்கு பட்டறை அறிக்கை என்றாய். நான் உனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். அதே தாளில் சாற்றுக் கறை இருக்கிறது. மேலே எழுதியிருப்பது பல்கலைக்கழகத்தின் பெயர், அந்தந்த வருடத்துப் பரீட்சைக் கேள்வி என்று அம்மா படித்துச் சொன்னாள்.

கடைசித் தாள் ஜூன் 5, இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கிய இதே தாள். அதில் பாதிக் கணக்குதான் இருக்கிறது. அதன் பிறகு தாள் இல்லை. பெட்டி முழுவதும் இரண்டு முறை தேடினேன்.

அம்மா தாள்களைத் தேதி வாரியாக அடுக்கி வைத்தாள். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை வேனுக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டு, உனக்குச் சொல்லாமல் உன் கல்லூரிக்கு வந்தேன். நீ ஆய்வு வகுப்பில் இருந்தாய். சாகாகி சாரிடம், வட்டம் என் கையால் போட்டது என்று சொன்னேன். "எனக்கும் சந்தேகமா இருந்துச்சுங்க. இது உங்கப்பா எழுத்தான்னு கேட்டேன். 'வீட்டு முடிவு சார்'னு சொல்லிட்டு, குனிஞ்சு வணங்கிட்டுப் போயிட்டா" என்றார். சிபாரிசு தளத்துக்குப் போய்விட்டதா என்று கேட்டேன். போய்ப் பத்து நாள் ஆகிவிட்டது என்றார். நேரில் போய் மன்னிப்புக் கேட்காமல் திரும்ப வாங்க முடியாது, நானும் வருகிறேன் என்றார். நல்ல மனிதர். அந்த வெயிலில் கோட்டைக் கழற்றவில்லை.

வியாழக்கிழமை போனோம். மஞ்சள் கோடு இன்னும் இருக்கிறது. அம்மா முதல் நாளே என் கறுப்புக் காலணியைத் துடைத்து வைத்திருந்தாள். அப்படியும் கோட்டின் முன்னால் நின்று அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். சார், "என்னங்க?" என்றார். ஒன்றுமில்லை என்று ஏறினேன்.

பணியாளர் அதிகாரிக்கு என் வயதில் பாதி இருக்கும். நான் அங்கே இருபத்தொன்பது வருடம் இருந்தவன் என்பது அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. தலையைக் குனிந்து, "இது பொண்ணு எடுத்த முடிவு இல்லீங்க. அவ விட்டு வச்ச எடத்துல நான் எழுதிட்டேன்" என்றேன். "அப்பா எழுதினா என்ன, பொண்ணு எழுதினா என்ன, எங்களுக்கு வந்தது ஒரு சிபாரிசு. இப்படி விளையாடினா அடுத்த வருஷம் நாங்க எப்படிக் கேக்கறது?" என்றார். நியாயம்தான். நான் தலையை நிமிர்த்தவில்லை. சார் பையிலிருந்து நகாவோவின் தாள்களை எடுத்து வைத்தார். அந்தப் பையன் தன் நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்து அனுப்பியிருந்தான். அதிகாரி முதலில் அதைத் தொடவில்லை. பிறகு ஒரு பக்கம் புரட்டினார், இன்னொரு பக்கம் புரட்டினார், உள்ளே இருந்த வயதான வரைபடக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். "ரெண்டு மார்க்தானே கம்மி? தாளெல்லாம் விட்டுட்டுப் போங்க" என்று அந்தப் பெரியவர் சொன்னார். அடுத்த வருடமும் ஆள் கேட்பார்களாம். சார் படியில் இறங்கும்போதுதான் கோட்டைக் கழற்றினார்.

வரும் இலையுதிர் காலத்தில் தளத்துக்குள் துணை ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்துத் தருவதாக ஃபோர்மேன் சொல்லியிருந்தார். அதை இனி நான் கேட்கப்போவதில்லை. வேன் எனக்குப் பழகிவிட்டது. இன்னும் இரண்டு வருடம் தாராளமாக ஓட்டுவேன். அம்மாவும் அதையே சொன்னாள். நீ உதவித்தொகைக்கு எழுதிப் போடு.

மூன்றாம் மாடி எப்படி இருக்கும் என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறேன். அங்கிருந்து கப்பல் தெரியும் என்று நினைத்தேன். சைக்கிள் கொட்டகையின் கூரைதான் தெரிகிறது.

சார் புதிய படிவம் கொடுத்தார், இத்துடன் இருக்கிறது. முத்திரையை மட்டும் பதித்திருக்கிறேன். அவசரத்தில் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. மற்ற கட்டங்களை நான் தொடவில்லை. அம்மா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டாள். இந்த முறை உனக்கே அனுப்புகிறேன்.

அக்டோபரில் நான் வாஷரை மாற்றச் சொன்னேன். நீ எழுதியதை இப்போது மறுபடி படித்தேன். அது வாஷர் இல்லை.

அப்பா


1989, ஜூலை 21

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

படிவத்தை இன்று காலை அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். வட்டம் முட்டை மாதிரி வந்துவிட்டது. "செல்லுமா சார்?" என்று சாகாகி சாரிடம் கேட்டேன். "கோழி போட்டாலும் செல்லும். உன் கையால போட்டதுதானே, அது போதும்" என்றார்.

பரீட்சை ஆகஸ்ட் 24. பன்னிரண்டு பேர் எழுதுகிறார்கள், இரண்டு பேரைத்தான் எடுப்பார்கள். ஆறு வாரம் விட்டுவிட்டேன். கிடைக்காமலும் போகலாம், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கிடைக்காவிட்டால் பலகையில் இன்னும் நிறைய பெயர்கள் இருக்கின்றன. அப்போது நானே உங்களிடம் சொல்வேன், தொலைபேசியில். வரிசையில் நின்று.

நகாவோ எனக்கும் கினுயோவுக்கும் முட்டைக்கோஸ் போட்ட ஒகோனோமியாகி அடை வாங்கிக் கொடுத்தான். மறுபடி வரைகிறான்.

மற்ற தாள்களை எடைக்குப் போட வேண்டாம். அவற்றைத் திருப்பி அனுப்புங்கள், தேவைப்படும். கடைசித் தாளை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். உங்கள் கடிதம் எழுதிய பக்கத்தைக் கீழே வைத்து, ஜூன் 5 கணக்கை நேற்று முடித்தேன். விடை சரியாக வந்தது.

மிசுயே